கையைத் தூக்காம எழுது!

நாலு கோடு நோட்டு ஞாபகம் இருக்கா பாஸ்? மேலயும் கீழயும் சிவப்புக் கோடு, நடுவுல ரெண்டு நீலக் கோடு. ஸ்மால் 'எஃப்' எழுதணும்னா மேல் சிவப்பைத் தொட்டு, கீழ் சிவப்பு வரைக்கும் இறங்கி, ஒரு ரவுண்டு அடிச்சு நடுவுக்கு வந்து சேரணும். கேப்பிட்டல் 'கியூ' பார்க்க 2 மாதிரி இருக்கும். கேப்பிட்டல் 'இசட்' எது மாதிரியும் இருக்காது! கொஞ்சம் பிரிச்சு எழுதிட்டா போச்சு... "கையைத் தூக்காம எழுது"ன்னு மிஸ்ஸோட ஸ்கேல் மேஜையில தட்டும்.

இப்போ உங்க ரெக்கார்டு நோட்டைத் திறந்து பாருங்க. பாதி எழுத்து சேர்ந்திருக்கும், பாதி தனித்தனியா நிக்கும். சிலது எந்த மிஸ்ஸும் சொல்லிக் கொடுக்காத சொந்தத் தயாரிப்பு. அத்தனை வருஷம் காப்பி ரைட்டிங் எழுதினதுக்கு மிச்சம் இதுதானா? அப்படின்னா அந்த பீரியட் எதுக்கு? அது இல்லாமலே போயிருந்தா நமக்கு என்ன குறைஞ்சிருக்கும்?

வேலை வெட்டி இல்லாதவன் கேட்கிற கேள்வி மாதிரி தெரியுதா? இதே கேள்வியை வெச்சுக்கிட்டு அமெரிக்காவில் மாநில சட்டசபைகள் மல்லுக்கட்டியிருக்கு. கவர்னர் வேண்டாம்னு திருப்பி அனுப்ப, சட்டசபை மறுபடி ஓட்டு போட்டு நிறைவேத்தின கதையெல்லாம் உண்டு. கேட்கும்போது காமெடியா இருக்கும். ஆனா ஸ்கூல்ல எல்லாரும் எதைப் படிச்சே ஆகணும், எதை விட்டுடலாம்னு யார், எப்படி முடிவு பண்றாங்க என்பதை இதைவிடத் தெளிவா காட்டுற கேஸ் வேற கிடையாது.

யாரும் தடை போடலை!

அமெரிக்காவில் சிலபஸ் டெல்லி மாதிரி ஒரு தலைநகரத்துல இருந்து வராது. மாநிலங்களும் உள்ளூர் ஸ்கூல் போர்டுகளும்தான் முடிவு பண்ணும். 2010-ல் மாநிலங்கள் கூடி ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் ஒரு பொதுத் தரப்பட்டியல் போட்டாங்க. பேரு 'காமன் கோர்'. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏத்துக்கிட்டன.

அதுல யு.கே.ஜி.யிலும் ஒண்ணாவதிலும் எழுத்துக்களைத் தனித்தனியா, பிரின்ட் மாதிரி எழுதக் கத்துக்கணும்னு இருந்தது. நாலாவது படிக்கிற பையன் ஒரே மூச்சில் ஒரு பக்கம் டைப் அடிக்கணும், அஞ்சாவதுல ரெண்டு பக்கம் அடிக்கணும்னு இருந்தது. கர்சிவ் பத்தி? ஒரு வார்த்தை கிடையாது. வேண்டாம்னும் இல்லை, வேணும்னும் இல்லை. பட்டியல்ல இல்லை, அவ்வளவுதான்.

அது போதுமே! 2011-ல் இண்டியானா மாநிலம் ஸ்கூல்களுக்கு அனுப்பின தகவல்: கர்சிவ் இனிமே கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தா நடத்திக்கங்க, ஆனா கீபோர்டு பழக்குங்க. விருப்பம் இருந்தா நடத்துங்கன்னு சொன்னா என்ன ஆகும்னு ஸ்கூல் பக்கம் போனவங்க எல்லாருக்கும் தெரியும்.

உண்மையில இது 2010-ல் ஆரம்பிச்ச கதையும் இல்லை. 2002-ல் கையெழுத்தான 'நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம் மூணாவதுல இருந்து எட்டாவது வரை வருஷா வருஷம் வாசிப்புக்கும் கணக்குக்கும் டெஸ்ட் வெச்சது. ரிசல்ட் மோசமா இருந்தா ஸ்கூல் மேல நடவடிக்கை. அப்புறம் எந்த டீச்சர் டெஸ்ட்ல வராத 'எஃப்'புக்கும் 'இசட்'டுக்கும் தினம் அரை மணி நேரம் ஒதுக்குவார்?

நமக்கு இது புதுசா என்ன? பி.டி. பீரியடை கணக்கு சார் கடன் வாங்கிட்டுப் போய், திருப்பித் தராத தலைமுறைதானே நாம! பிளஸ் ஒன் பாடத்தை அப்படியே ஓரங்கட்டிட்டு ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டின ஸ்கூல்கள் தமிழ்நாட்டில் எத்தனை? பிளஸ் ஒன்னுக்கு பொதுத் தேர்வு கிடையாது என்பதுதான் ஒரே காரணம். அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டு வந்தாங்க. 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துடுச்சு. பரீட்சையில இல்லாதது பாடத்துல இல்லை. இந்த விதி எந்த அரசாணையிலும் எழுதியிருக்காது. ஆனா எல்லா அரசாணையையும் விட ஸ்ட்ராங்!

குமாஸ்தாவோட எழுத்து

கர்சிவ்வைக் காப்பாத்தணும்னு கிளம்புறவங்க அதை ஏதோ தொன்மையான கலை மாதிரி பேசுவாங்க. பூர்வீகம் தோண்டினா வேற கதை. 19-ம் நூற்றாண்டு நடுவுல அமெரிக்காவில் வியாபாரம் பெருகுது. கம்பெனிக் கடிதம், கணக்குப் பேரேடு, ரசீது எல்லாமே கையால எழுதணும். பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் என்பவர் ஒரு எழுத்து முறையை உருவாக்கினார். வளைவு, நெளிவு, சுழியோட பார்க்கவே அழகா இருக்கும். உங்களுக்கும் அது நல்லாத் தெரியும்... கோகோ கோலா பாட்டில்ல தினம் பார்க்குறீங்களே, அந்த ஸ்டைல்தான்! 1886-ல் அந்தப் பேரை வெச்சு எழுதிக் கொடுத்த ஃபிராங்க் ராபின்சன் அந்த கம்பெனியோட கணக்குப்பிள்ளை.

அழகு இருந்தது, வேகம் இல்லை. அடுத்து ஆஸ்டின் பாமர் வந்தார். சுழியை எல்லாம் வெட்டி எறிஞ்சார். விரலை அசைக்காதே, முழங்கையோட சேர்த்து மொத்தக் கையையும் அசைன்னு சொன்னார். பசங்க பக்கம் பக்கமா முட்டை முட்டையா சுழிச்சாங்க. நோக்கம் கலை எல்லாம் இல்லை சாமி... ஒரு கிளார்க் காலையில இருந்து சாயங்காலம் வரை கை வலிக்காம, டெலிகிராஃப் வேகத்துல எழுதணும். சுருக்கமா சொன்னா, அன்றைய ஜாப் ஓரியன்டட் கோர்ஸ்!

இதுல ஒரு வேடிக்கை. டைப்ரைட்டர் 1870-களிலேயே கடைக்கு வந்தாச்சு. 1900-களின் ஆரம்பத்துல பாமர் புத்தகத்தை வெச்சு லட்சக்கணக்கான பசங்க முட்டை சுழிச்சப்போ, அவங்க போய் உட்காரப் போற ஆபீஸ்ல டைப்ரைட்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. வேலைக்கு உதவும்னு சிலபஸ்ல சேர்க்கிற விஷயம், அந்த வேலை மாறின பிறகும் அசையாம நிக்கும். இன்ஜினீயரிங் மாணவர்கள் இந்த வரியை அண்டர்லைன் பண்ணிக்கலாம்!

1920-களில் இங்கிலாந்துல இருந்து 'பிரின்ட்' எழுத்து அமெரிக்க ஸ்கூலுக்கு வந்தது. புத்தகத்துல இருக்கிற மாதிரியே எழுதினா சின்னப் பசங்களுக்கு வாசிக்கிறதும் எழுதுறதும் ஒண்ணாப் பிடிபடும்னு காரணம். அப்புறம் ஒரு சமாதானம்... முதல் ரெண்டு வருஷம் பிரின்ட், மூணாவதுல கர்சிவ். கிட்டத்தட்ட ஒரு முழு ஆயுள் காலம் இந்த ஏற்பாடு ஓடிச்சு. மூணாவது படிக்கிறப்போ 'கர்சிவ்' ஆரம்பிக்கிறது அமெரிக்கப் பசங்களுக்குப் பெரியவங்க ஆகிற அடையாளம். நமக்கு பென்சில்ல இருந்து இங்க் பேனாவுக்கு மாறின நாள் மாதிரி.

கோர்ட்டில் ஒரு பெண்

2013, ஃபுளோரிடா. நாடே டி.வி.யில் பார்த்த ஒரு கொலை வழக்கு. சாட்சிக் கூண்டுல 19 வயசுப் பெண். அவர் பேர்ல இருக்கிற ஒரு கடிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார் வக்கீல். அவரால முடியலை. அது கர்சிவ்ல இருந்தது. ஒரு தோழி அவருக்காக எழுதிக் கொடுத்த கடிதம் அது. தனக்கு கர்சிவ் வாசிக்க வராதுன்னு அந்தப் பெண் எல்லார் முன்னாடியும் சொல்ல வேண்டியதாப் போச்சு. அன்னிக்கு ராத்திரி முழுக்க ஊரே அவரைக் கிண்டலடிச்சது.

கிண்டலடிச்சவங்க யாரும் வயசைக் கணக்குப் போட்டுப் பார்க்கலை. 2013-ல் 19 வயசுன்னா, அந்தப் பெண் மூணாவது படிச்சது 2002 வாக்கில். காமன் கோருக்கு எட்டு வருஷம் முன்னாடி! அப்பவே பல ஸ்கூல்கள்ல அந்த பீரியட் தேய்ஞ்சு போயிருந்தது. சொல்லிக் கொடுக்காம விட்டது யாரோ, தலை குனிஞ்சது ஒரு டீன் ஏஜ் பொண்ணு.

சரி, ஏழை வீட்டுப் பசங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்னையா? 2022-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோட முன்னாள் தலைவர், வரலாற்றுப் பேராசிரியர் ட்ரூ கில்பின் ஃபாஸ்ட் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போர் பத்தின வகுப்பு. அந்தக் காலக் கையெழுத்துப் பிரதியோட படம் ஒரு புத்தகத்துல இருந்தது. படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னால வாசிக்க முடியலைன்னு ஒரு மாணவர் சாதாரணமா சொல்லியிருக்கார். பேராசிரியருக்கு ஷாக்! வேற யாருக்கெல்லாம் வாசிக்க வராதுன்னு கேட்டா, மூணுல ரெண்டு பங்கு கைகள் மேல போகுது. எழுத வராதுன்னா இன்னும் அதிகம். ஹார்வர்டுல! டீச்சர் பேப்பர்ல எழுதுற கமென்ட் புரியாம யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்றவங்களும், பாட்டி எழுதின கடிதத்தை அம்மாகிட்ட கொடுத்து வாசிக்கச் சொல்றவங்களும் அந்த வகுப்புல இருந்தாங்க.

இங்கதான் விஷயமே இருக்கு. 'எழுத வராது' என்பது ஒரு குறை. 'வாசிக்க வராது' என்பது முற்றிலும் வேற குறை. முதலாவதுக்கு கீபோர்டு இருக்கு. ரெண்டாவது வந்தா, உங்க வீட்டுப் பரணில் இருக்கிற கடிதமே உங்களுக்கு வெளிநாட்டுக் கடிதம் ஆயிடும். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துல பழைய ராணுவ வீரர்களோட பென்ஷன் மனுவில் இருந்து குடும்பப் பதிவுகள் வரை கோடிக்கணக்கான பக்கங்கள் ஸ்கேன் ஆகியிருக்கு. கம்ப்யூட்டரும் வாசிச்சுப் பார்க்குது, ஆனா தப்பு நிறைய. அதனால கர்சிவ் வாசிக்கத் தெரிஞ்ச தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் வீட்டுல உட்கார்ந்து எழுத்துக்கூட்டி டைப் பண்ணிக் கொடுக்கிறாங்க. ஒரு காலத்துல மூணாங்கிளாஸ் பாடம்... 2025-ல் அதைப் பத்திப் பேசும்போது அமெரிக்கப் பத்திரிகைகள் 'சூப்பர் பவர்'னு தலைப்பு போட்டன!

திரும்பி வந்தது எப்படி?

ஒவ்வொரு மாநிலமா சட்டம் போட ஆரம்பிச்சாங்க. அலபாமா 2016-ல் போட்டது. அந்த மசோதாவைக் கொண்டு வந்த உறுப்பினரோட பேத்தி, 'நிஜமான எழுத்து' எழுதக் கத்துக்கணும்னு தாத்தாகிட்ட கேட்டதுதான் ஆரம்பம்னு சொல்வாங்க. (நம்ம வீட்டுல பேத்தி கேட்டா பஞ்சுமிட்டாய்தான் வாங்கித் தருவாங்க!) அதே வருஷம் லூசியானா மூணாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் கர்சிவ் வேணும்னு சட்டம் போட்டது. இல்லினாய்ஸ்ல கவர்னர், செலவுக்குப் பணம் ஒதுக்காம ஸ்கூல் தலையில இன்னொரு சுமையான்னு 2017-ல் மறுத்துட்டார். சட்டசபை அவரைத் தாண்டி நிறைவேத்திடுச்சு. நியூ ஹாம்ப்ஷயர் 2023-ல் ஒரே சட்டத்துல ரெண்டு விஷயத்தைக் கட்டாயமாக்கினது... கர்சிவ், அப்புறம் பெருக்கல் வாய்ப்பாடு. நம்ம ஊர்த் தாத்தாக்கள் யாராவது அந்த கமிட்டியில இருந்தாங்களான்னு தெரியலை!

பெரிய மீன், கலிஃபோர்னியா. ஆப்பிளும் கூகுளும் குடியிருக்கிற மாநிலம். 2023 அக்டோபர்ல கவர்னர் கேவின் நியூசம் கையெழுத்துப் போட, 2024 ஜனவரியில இருந்து ஒண்ணாவது முதல் ஆறாவது வரை படிக்கிற சுமார் 26 லட்சம் குழந்தைகளுக்கு கர்சிவ் பாடம். மசோதாவைக் கொண்டு வந்த ஷேரன் குவர்க்-சில்வா முன்னாள் ஸ்கூல் டீச்சர். இப்போ அங்கே 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள்ல ஏதாவது ஒரு வடிவத்துல கர்சிவ் கட்டாயம். எல்லா இடத்துலயும் சுலபமா நடந்துடலை. இண்டியானாவில் ஒரு செனட்டர் 2012-ல் இருந்து வருஷா வருஷம் மசோதா கொண்டு வந்துக்கிட்டே இருந்தார். 2023-ல் அவருக்குக் கிடைச்சது, எந்தெந்த ஸ்கூல் கர்சிவ் நடத்துதுன்னு கணக்கெடுக்கிற சட்டம்!

இவங்க எல்லாரும் சொல்ற காரணங்கள் மூணு. ஒவ்வொண்ணையும் கொஞ்சம் சுரண்டிப் பார்ப்போம்.

முதல்ல, கையெழுத்து. கர்சிவ் தெரியாட்டி செக்குல சைன் எப்படிப் போடுவான்? இது சும்மா. கையெழுத்து கர்சிவ்ல இருக்கணும்னு அங்கே சட்டம் கிடையாது. ஒபாமா 2013-ல் ஜேக் லூ என்பவரை நிதியமைச்சர் ஆக்கினார். நிதியமைச்சரோட கையெழுத்து டாலர் நோட்டுல வரும். லூவோட கையெழுத்து? வரிசையா ஏழெட்டு பூஜ்யம்... ஸ்பிரிங்கை இழுத்துவிட்ட மாதிரி! குறைஞ்சது ஒரு எழுத்தாவது புரியற மாதிரி போடுறேன்னு லூ வாக்குக் கொடுத்ததா ஒபாமாவே ஜோக் அடிச்சார். கர்சிவ் படிச்சு வளர்ந்த தலைமுறை ஆள் அவர்!

ரெண்டாவது, நாட்டோட அரசியலமைப்புச் சட்டத்தையும் சுதந்திரப் பிரகடனத்தையும் மூலத்துல வாசிக்கணும். கேட்க நல்லா இருக்கு. ஆனா சுதந்திரப் பிரகடனம் 1776 ஜூலை 4 ராத்திரியே அச்சாகி ஊர் ஊரா போச்சு. அழகான கையெழுத்துல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிரதி அதுக்கப்புறம்தான் வந்தது. அன்னிக்கு மக்கள் வாசிச்சதே பிரின்ட்தான். இந்த வாதத்துல உண்மை இருக்கிற இடம் வேற. பிரகடனம் அச்சுல கிடைக்கும். பாட்டி கடிதம் கிடைக்காது.

மூணாவது, மூளை. இதுதான் மேடையில அதிகம் கைதட்டு வாங்கும். இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் ஜேம்ஸ் 2012-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலம். இன்னும் வாசிக்கத் தெரியாத அஞ்சு வயசுக் குழந்தைகள். சிலர் எழுத்தைக் கையால எழுதினாங்க, சிலர் புள்ளிக் கோட்டு மேல வரைஞ்சாங்க, சிலர் டைப் பண்ணினாங்க. அப்புறம் மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்த்தா, சொந்தமா எழுதின எழுத்தைப் பார்க்கும்போதுதான் வாசிப்புக்கான பகுதிகள் நல்லா வேலை செஞ்சது. அருமையான ஆய்வு. ஆனா அந்தக் குழந்தைகள் எழுதினது கர்சிவ் இல்லை, தனித்தனி பிரின்ட் எழுத்து! கையால எழுதுறதுக்கு ஆதரவான ஆதாரத்தை கர்சிவ் கணக்குல வரவு வெச்சுக்கிட்டாங்க. டிஸ்லெக்சியா இருக்கிற குழந்தைகளுக்கு கர்சிவ் உதவுதுன்னு சில ஆசிரியர்கள் அனுபவத்துல சொல்றாங்க. அதை நான் ஒதுக்க மாட்டேன். ஆனா அந்தக் குழந்தைகளுக்குன்னு தனியா சொல்லிக் கொடுக்கிறது ஒண்ணு, மொத்த மாநிலத்துக்கும் சட்டம் போடுறது இன்னொண்ணு.

லேப்டாப்ல நோட்ஸ் எடுக்கிறதைவிட கையால எடுத்தா நல்லாப் புரியும்னு 2014-ல் வந்த ஆய்வையும் கேள்விப்பட்டிருப்பீங்க. அது பெரிய ஹிட். ஆனா பின்னாடி வேற ஆட்கள் அதையே செஞ்சு பார்த்தப்போ வித்தியாசம் அவ்வளவு தெளிவா வரலை. அதனால லேப்டாப்போட உட்கார்ந்திருக்கிற மச்சிக்கு இப்போதைக்கு ஜாமீன் கொடுத்துடலாம்.

உங்க கிறுக்கலுக்கு ஒரு குட் நியூஸ்

அப்போ வேகம்? சேர்த்து எழுதினா வேகம்னு சொல்லித்தானே நம்மளை வாட்டி எடுத்தாங்க? 1998-ல் ஸ்டீவ் கிரஹாம், வர்ஜீனியா பெர்னிங்கர், நவோமி வெயின்ட்ராப் மூணு பேரும் ஸ்கூல் பசங்களோட எழுத்தை வெச்சு அளந்து பார்த்தாங்க. முழுக்க பிரின்ட்ல எழுதுறவனும் முழுக்க கர்சிவ்ல எழுதுறவனும் வேகத்துல ஏறக்குறைய சமம். ரெண்டையும் கலந்து எழுதுறவன்தான் முன்னாடி ஓடினான்! அதாவது சுலபமா சேர்ற இடத்துல சேர்த்து, மத்த இடத்துல கையைத் தூக்கி... உங்க ரெக்கார்டு நோட்டுல இருக்கிற அதே அவியல். உங்க கை தானாவே கண்டுபிடிச்ச முறைதான் சரி. மிஸ்கிட்ட போய் சொல்லிடாதீங்க!

ஆனா அவியல் வேற, அலங்கோலம் வேற. ஒரே பதிலை நல்ல கையெழுத்துல ஒரு தடவை, புரியாத கையெழுத்துல ஒரு தடவை எழுதித் திருத்தக் கொடுத்தா, நல்ல கையெழுத்துக்குத்தான் கூடுதல் மார்க் விழுது. பல ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வந்த ரிசல்ட் இது. மூணு மணி நேரம், அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி செமஸ்டர் எழுதுற நமக்கு இதுதான் நிஜமான விஷயம். பேப்பர் திருத்துற சார் 'எல்'லையும் 'இ'யையும் ரசிக்க உட்காரலை. நாற்பதாவது பேப்பர்ல அவருக்கு வேண்டியது புரியற எழுத்து.

நம்ம ஊர் இதுல ஒரு விநோதமான இடம். இங்கிலீஷ் மீடியம்னாலே கர்சிவ்னு ஒரு கௌரவம் ஒட்டிக்கிச்சு. யு.கே.ஜி. முடிக்கிறதுக்குள்ளயே நாலு கோட்டுக்குள்ள தள்ளிடுறாங்க. அமெரிக்காவில் இருந்த 'மூணாவதுல ஆரம்பி' என்கிற பொறுமைகூட இங்கே பல ஸ்கூல்கள்ல கிடையாது. இவ்வளவும் பழகி வெளியே வந்தா? பேங்க் சலான்ல இருந்து பரீட்சை அப்ளிகேஷன் வரைக்கும் எல்லா ஃபாரம் மேலயும் ஒரே வரி: கேப்பிட்டல் லெட்டர்ல நிரப்பவும்! 2016-ல் மருத்துவ கவுன்சில் டாக்டர்களுக்கு விதி திருத்தினப்போ, மருந்துச் சீட்டைப் புரியும்படி, முடிஞ்சவரை கேப்பிட்டல் எழுத்துல எழுதுங்கன்னுதான் சொன்னது. உயிர் போற விஷயம்னு வந்ததும் யாரும் கர்சிவ்வை நம்பலை பாருங்க.

காந்தி தன்னோட சுயசரிதையில கையெழுத்து பத்திப் புலம்பியிருக்கார். தென்னாப்பிரிக்காவில் வக்கீல்களோட அழகான எழுத்தைப் பார்த்து வெட்கப்பட்டாராம். மோசமான கையெழுத்து அரைகுறைப் படிப்போட அடையாளம்னு நினைச்சார். சரி, அதுக்கு என்ன வழி சொன்னார்? இம்போசிஷன் இல்லை. குழந்தைக்கு முதல்ல ஓவியம் சொல்லிக் கொடுங்க, பறவையையும் பூவையும் பார்த்து வரையற மாதிரி எழுத்தையும் பார்த்து வரையட்டும்னார். அதை எந்த ஸ்கூலும் சிலபஸ்ல சேர்த்ததா தெரியலை.

ஸ்டீவ் ஜாப்ஸ் கதையும் இந்த இடத்துல தவறாம வரும். ரீட் கல்லூரியில எழுத்துக் கலை வகுப்புல உட்கார்ந்தார், அதனாலதான் 1984-ல் வந்த மேக் கம்ப்யூட்டர்ல அழகான ஃபான்ட் வந்தது, ஆகவே குழந்தைகளுக்கு எழுத்துக் கலை கட்டாயம்... என்று முடிப்பாங்க. முக்கியமான பாதியை விட்டுட்டு! அவர் அந்த வகுப்புக்குப் போனது கட்டாயப் பாடங்களை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு காலேஜை விட்டு நின்ன பிறகு. பிடிச்சுப் போய் உட்கார்ந்தார். அதே வகுப்பை கம்பல்சரி பேப்பர் ஆக்கி, இன்டர்னல் மார்க் 25 வெச்சிருந்தா அவரும் கடைசி பெஞ்சுல தூங்கியிருப்பார்.

அப்போ என்னதான் பண்ணலாம்? ஃபின்லாந்து 2016-ல் சேர்த்து எழுதுறதைக் கட்டாயத்துல இருந்து எடுத்துட்டு பிரின்ட், கீபோர்டுன்னு போயிட்டது. ஃபிரான்ஸ் அந்தப் பக்கம், ஆறு வயசுலயே கர்சிவ்தான். ரெண்டு நாட்டுப் பசங்களும் நல்லாத்தான் இருக்காங்க. என்னைக் கேட்டா, கையால தெளிவா எழுதுறது எல்லாருக்கும் கட்டாயம். கர்சிவ் வாசிக்கத் தெரியறதும் எல்லாருக்கும் கட்டாயம். அது சில வாரப் பாடம், சில வருஷப் பாடம் இல்லை. கர்சிவ்ல எழுதுறது விருப்பப் பாடம். அமெரிக்கச் சட்டங்கள் பலதும் மூணையும் ஒரே மூட்டையா கட்டிடுச்சு. மிச்சமாகிற நேரத்தை பி.டி. பீரியடுக்கே கொடுத்துடலாம், கணக்கு சார் பழைய பாக்கி நிறைய வெச்சிருக்கார்.

அப்புறம், ஹார்வர்டு பசங்களைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கு முன்னாடி நம்ம வீட்டு பீரோவையும் ஒரு தடவை திறந்துடுங்க. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் ஒண்ணு இருக்கும். பத்திர எழுத்தர் புள்ளி வைக்காம, கையைத் தூக்காம ஒரே இழுப்புல இழுத்திருப்பார். நம்ம ஊர் கர்சிவ்! தும்பிக்கை தூக்கின 'லை', 'ளை', 'ணை', 'னை'யும், கொக்கி போட்ட 'றா', 'ணா', 'னா'வும் வரிக்கு வரி வரும். பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில மாத்திக் காட்டின எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-ல் தமிழக அரசு ஏத்துக்கிட்டப்போ விடைபெற்ற வடிவங்கள் அவை. மாறினது 13 எழுத்துதான், ஒரு மணி நேரத்துல பிடிபட்டுடும். பத்திர எழுத்தரோட இழுப்புக்கும், தொகைக்கும் வருஷத்துக்கும் போட்டிருக்கிற சுழிகளுக்கும்தான் ஆள் வேணும். செமஸ்டர் லீவுல ஊருக்குப் போறப்போ தாத்தாவை வாசல் திண்ணையில உட்கார வெச்சு வாசிக்கச் சொல்லுங்க... நிலத்தோட நாலு எல்லையும் யார் யாரோடதுன்னு சேர்த்தே சொல்லுவார்.